கார் பிளக்கை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். 2016இல் வாங்கிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சற்று நேரம் என்ஜின் உதறுகிறது. மழை நாட்களில் இது அதிகம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஸ்டீயரிங் வரை அதிர்வு தெரிகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டியதற்கு நான்கு பிளக், லேபர், த்ராட்டில் பாடி சுத்தம், டீகார்பனைசிங் எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வயலுக்கு மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயரின் பிளக்கை நானே கழற்றித் துடைத்து மாட்டிப் பழக்கம் உண்டு. கார் பிளக்கையும் அப்படியே மாற்றிவிடலாமா? உப்புத்தாளில் தேய்த்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் உதவிக்கு இருக்கிறான். கம்பெனிக்கு வெளியே கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பதில்: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியை விடுகிற ஸ்பார்க் பிளக்கை உங்கள் காரில் நீங்களே மாற்றலாம். நான்கு சிலிண்டர்களும் வரிசையாக நிற்கிற சிறிய பெட்ரோல் என்ஜின்களில், பானெட்டைத் திறந்தால் பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் காயில்கள் மேலேயே தெரியும்; கை எட்டாத இடம் என்று பெரும்பாலும் எதுவும் இருக்காது. எங்கள் பணிமனையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு ஆயில் மாற்றுவதற்கு அடுத்தபடியாக நாங்கள் கற்றுக்கொடுக்கிற வேலை இது. ஆனால், இந்த வேலையில் கெட்டுப்போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், அது சிலிண்டர் ஹெட்டில் உள்ள மரை. பிளக்கின் உடல் இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டும் மோதினால் எப்போதும் அலுமினியமே தோற்கும். பிளக் பழுதானால் சில நூறு ரூபாயில் வேறு வாங்கிக்கொள்ளலாம், மரை போனால் லேத் பட்டறைக்காரரை வைத்துப் புதிதாக மரை போட வேண்டியிருக்கும், சில சமயம் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். ஆகவே கீழே நான் எழுதுகிறவற்றில் பாதிக்கு மேல் அந்த மரையைக் காப்பாற்றுவதைப் பற்றியே இருக்கும்.

முதலில் பவர் ஸ்பிரேயரோடு உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். அது டூ ஸ்ட்ரோக் என்ஜின்; பெட்ரோலோடு கலந்த ஆயிலும் சேர்ந்து எரிவதால் அதன் பிளக்கில் அடிக்கடி கரி பிடிக்கும், துடைத்தால் மறுபடியும் வேலை செய்யும். பிளக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காரில் பிளக் ஒரு சாண் ஆழக் குழிக்குள் இருக்கிறது, அதற்கு மேல் காயில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணால் பார்த்து மாட்ட முடியாது, கை உணர்ச்சியை நம்பித்தான் மாட்ட வேண்டும். அதோடு கார் பிளக் கரி பிடித்துக் கெடுவதைவிடத் தேய்ந்து கெடுவதே அதிகம். என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுழற்சியில் ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,000 தடவை பொறி விடுகிறது. சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், உங்கள் காரின் 62,000 கிலோமீட்டரில் ஒவ்வொரு பிளக்கும் ஒன்பது கோடித் தடவைக்கு மேல் பொறி விட்டிருக்கிறது. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தை எடுத்துச் செல்கிறது. கூர்மையான விளிம்புகள் மழுங்குகின்றன, பொறி தாவும் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அகலமாகிறது.

இந்த இடைவெளி அகலமாவதுதான் விஷயம். பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி அனுப்புகிறது. இடைவெளி கூடக் கூட, அதைத் தாண்டுவதற்குக் காயில் இன்னும் அதிக வோல்ட் கொடுக்க வேண்டியிருக்கிறது. முடிகிறவரை கொடுக்கும், முடியாதபோது அந்தச் சுற்றில் பெட்ரோல் எரியாமல் வெளியேறும். அதைத்தான் நாம் மிஸ்ஸிங் என்கிறோம். தேய்ந்த பிளக்கை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் கடைசியில் காயிலையும் சேர்த்து மாற்ற நேர்வதற்குக் காரணம் இதுவே, ஒரு காயிலின் விலை சாதாரண பிளக் ஒன்றின் விலையைப் போலப் பல மடங்கு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறபடி உப்புத்தாளில் தேய்த்தால் கரி போகும், தேய்ந்த உலோகம் திரும்ப வராது. உப்புத்தாளின் துகள் பீங்கானுக்கும் இரும்புக்கும் நடுவே தங்கினால் அது பிறகு சிலிண்டருக்குள் போகும். முனையில் இரிடியம் வைத்த பிளக்காக இருந்தால் அந்த மெல்லிய முனையே உடைந்துவிடலாம். எனவே அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

எஸ்டிமேட்டைப் பற்றி: பிளக்குக்கும் அதை மாற்றும் கூலிக்கும் அவர்கள் கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன், இடவாடகை, ஆட்கள், கருவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் லேபர் சார்ஜ் போடுகிறார்கள். ஆனால் என்ஜினுக்குள் படிந்த கரியை நீக்கும் டீகார்பனைசிங்கை ஏன் பரிந்துரைத்தார்கள் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல், என்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் அதைச் சேர்த்திருந்தால் அதற்கு இப்போது அவசியமில்லை என்பது என் கருத்து. என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வது வேறு சங்கதி. வண்டி நிற்கும்போது வரும் ஐட்லிங் அதிர்வுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பிளக் மாற்றியும் அதிர்வு தொடர்ந்தால் அப்போது செய்துகொள்ளலாம்.

பிளக் வாங்குவதில் அவசரப்படாதீர்கள். காருடன் வந்த கையேட்டில் எந்தப் பிளக் என்று எண்ணோடு அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ நம்பிக்கையான உதிரிபாகக் கடைக்குப் போய், அதே எண்ணைக் கேட்டு, பில்லோடு வாங்குங்கள். கடைக்காரர் வேறு கம்பெனிப் பிளக்கை எடுத்துக்கொடுத்து எண் ஒன்றுதான் என்றால் ஏற்க வேண்டாம். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் வெப்ப எண் கூடினால் பிளக் வெப்பத்தை வேகமாக வெளியேற்றும் குளிர்ந்த வகை என்று பொருள், பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் அதற்கு நேர்மாறு. மரையின் நீளமும் முக்கியம். நீளம் கூடினால் பிஸ்டன் தொடக்கூடும். குறைந்தால் ஹெட்டின் மிச்ச மரையில் கரி படிந்து, அடுத்த தடவை சரியான பிளக்கே ஏறாது. உங்கள் காருக்குச் சாதாரண நிக்கல் பிளக்தான் எண்ணில் இருந்தால் நான்கும் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். இவை பொதுவாக முப்பது, நாற்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு வரும். இரிடியம் வகை ஒரு லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு வரும் என்றாலும் விலை பல மடங்கு. மைலேஜ் கூடும் என்று எதிர்பார்த்து இரிடியத்துக்குப் போக வேண்டாம்; அடிக்கடி கழற்ற வேண்டாம் என்பதுதான் அதில் உள்ள நிஜமான லாபம்.

கருவிகளில் ஒரு ரேச்செட், நீளமான எக்ஸ்டென்ஷன் ராடு, உள்ளே ரப்பரோ காந்தமோ வைத்த பிளக் சாக்கெட், காயிலின் போல்ட்டைக் கழற்ற 10 மில்லிமீட்டர் சாக்கெட், இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ் இவ்வளவும் வேண்டும். பிளக் சாக்கெட் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர், சில என்ஜின்களுக்கு 14. பிளக்கைக் கடையிலேயே சாக்கெட்டுக்குள் விட்டுப் பார்த்து வாங்குங்கள். எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மிக நல்லது. மகன் படிக்கும் பாலிடெக்னிக்கில் அதைப் பிடித்துப் பழக வாய்ப்பிருந்தால் அவர் ஒரு தடவை பழகிக்கொள்ளட்டும். இவற்றையெல்லாம் புதிதாக வாங்கினால் முதல் தடவை உங்களுக்குப் பெரிதாக மிச்சம் ஒன்றும் இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேலையைக் காலையில், முந்தின இரவு முழுவதும் நின்ற வண்டியில் தொடங்குங்கள். சூடான ஹெட்டிலிருந்து பிளக்கைக் கழற்றினால் விரிந்திருக்கும் அலுமினிய மரை பிளக்கோடு சேர்ந்து பிய்ந்து வந்துவிடலாம். கடைக்குப் போய்விட்டு வந்தவுடன் தொடங்கும் வேலை அல்ல இது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வையுங்கள். காயிலின் கனெக்டரில் ஒரு சிறிய பூட்டு இருக்கும். பல வருடச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், ஆகையால் அதை விரல் நுனியால் அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக் கூடாது. போல்ட்டைக் கழற்றியபின் காயிலைக் கொஞ்சம் இடவலமாகத் திருப்பி, நேராக மேலே தூக்குங்கள். நான்கு காயில்களுக்கும் 1, 2, 3, 4 என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இதற்கான காரணம் கடைசியில் வரும்.

காயிலை எடுத்ததும் பிளக்கில் கை வைக்காமல், டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். நம் பகுதியில் சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் பானெட்டுக்குள் நெல் சுணையும் வைக்கோல் துரும்பும் சேராத வண்டியே கிடையாது. அது குழியின் அடியில் பிளக்கைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். பிளக் வெளியே வந்த அந்தக் கணத்தில் நேராகச் சிலிண்டருக்குள் விழும். கம்ப்ரஸர் இல்லாவிட்டால் சைக்கிள் பம்பை வைத்து ஊதினாலே போதும், ஆனால் ஊதியே தீர வேண்டும். நம் ஊரில் தாமே பிளக் மாற்றுகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். குழியில் ஆயில் தேங்கியிருந்தால் துணி சுற்றிய கம்பியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள். அந்த ஆயில் மேல் மூடியின் கேஸ்கெட்டோ பிளக் குழாயின் சீலோ கசிவதைக் காட்டுகிறது, புதுப் பிளக் போட்டாலும் அந்தக் கசிவு காயிலின் ரப்பரைக் கெடுத்துக்கொண்டேயிருக்கும். அப்படியே ஒயர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். அறுவடைக்குப் பிறகு வயலில் இரை குறைந்த எலிகள் வீட்டுப் பக்கம் வந்து, சூடு குறையாத பானெட்டுக்குள் ஏறி ஒயரைக் கடிப்பது டெல்டாவில் சாதாரணம்.

கழற்றும்போது சாக்கெட் பிளக்கின் மீது நேராக, முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சாய்ந்த சாக்கெட் பீங்கானை உடைக்கும். முதல் அசைவில் கிரீச்சென்று ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம். அதன் பிறகு கையாலேயே சுழல வேண்டும். கால் சுற்று வந்துவிட்டு மறுபடி இறுகினால் இழுத்துத் திருப்பாதீர்கள். திரும்ப உள்ளே கொஞ்சம் முறுக்கி, துருவை இளக்கும் எண்ணெயை மரை ஓரத்தில் சில சொட்டு விட்டு, அரை மணி நேரம் பொறுத்து, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு அந்த ஒரு பிளக்குக்காகப் பணிமனைக்குக் கொண்டு போங்கள். கழற்றாத பிளக்கோடு வண்டி ஓடும், உடைந்த பிளக்கோடு ஓடாது. ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டிப் பலம் கொடுப்பதை மட்டும் எந்த நிலையிலும் செய்ய வேண்டாம்.

எடுத்த பிளக்குகளை வரிசை மாறாமல் ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். இந்த வேலையை நீங்களே செய்யுங்கள் என்று நான் சொல்வதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் இதுதான். சர்வீஸ் சென்டரில் பழைய பிளக் பெரும்பாலும் உங்கள் கண்ணில் படாமலே குப்பைக்குப் போய்விடும், அதைப் படித்துச் சொல்லவும் அங்கே யாருக்கும் நேரமிருப்பதில்லை. நடு முனையைச் சுற்றிய பீங்கான் இளம் பழுப்பாகவோ சாம்பல் கலந்த நிறமாகவோ இருந்தால் அந்தச் சிலிண்டரில் குறையில்லை. விளக்குக் கரிபோல உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், சுணையால் அது அடைத்திருக்கலாம். ஈரமும் பிசுபிசுப்புமான கறுப்பு என்றால் ஆயில் எரிகிறது. வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கும், அதைப் புதுப் பிளக் குணப்படுத்தாது. வெள்ளையாக வெளுத்து, முனையில் கொப்புளம் போன்ற புள்ளிகள் இருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. தவறான வெப்ப எண்ணுள்ள பிளக்கா, கூலன்ட் குறைவா என்று விசாரிக்க வேண்டும். நான்கில் மூன்று ஒரே நிறமாக இருந்து ஒன்று மட்டும் வேறுபட்டால், வியாதி அந்தச் சிலிண்டரில் இருக்கிறது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; எந்த மெக்கானிக்கிடம் போனாலும் அந்தப் படம் உதவும்.

புதுப் பிளக்கின் இடைவெளி தொழிற்சாலையிலேயே வைத்துத்தான் வருகிறது, என்றாலும் வழியில் கீழே விழுந்திருந்தால் மாறியிருக்கும். ஃபீலர் கேஜால் ஒரு தடவை பாருங்கள். என்ஜிகே பிளக்கின் எண் 11 என்று முடிந்தால் 1.1 மில்லிமீட்டர், 10 என்று முடிந்தால் 1.0. இரிடியமாக இருந்தால் நடு முனையில் கேஜைத் தேய்க்க வேண்டாம். உங்கள் கையிலிருந்தே சிமென்ட் தரையில் விழுந்த பிளக்கைத் துடைத்துப் போடாதீர்கள். பீங்கானில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது, மழைக்காலத்தில்தான் தெரியும்.

இனி மரை. பிளக்கின் மேல் முனையில், அதை இறுக்கமாகக் கவ்வும் அளவுள்ள பெட்ரோல் டியூப் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிச் செருகுங்கள். டியூபைப் பிடித்துக் குழிக்குள் நேராக இறக்கி, முதலில் இடது பக்கமாகக் கொஞ்சம் திருப்புங்கள். மரையின் தொடக்கம் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் சிறிய இறக்கம் ஒன்று விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பத் தொடங்குங்கள். சரியாக ஏறினால் எதிர்ப்பே இல்லாமல் சுழன்றுகொண்டே போகும். மரை மாறி ஏறினால் டியூப் பிளக்கின் மேல் வழுக்கும், பிளக் அசையாது. இந்த டியூபின் உபயோகமே அதுதான், மரையைக் கெடுக்கும் அளவு பலத்தை அதனால் கொடுக்க முடியாது. வழுக்கினால் வெளியே எடுத்து முதலிலிருந்து தொடங்குங்கள். நேரடியாக ரேச்செட்டை மாட்டித் திருப்புகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை, இரண்டு சுற்று போன பிறகு இறுகுகிறது என்று இன்னும் பலம் கொடுத்துவிடுகிறார்கள்.

கையால் முழுவதும் ஏறி வாஷர் ஹெட்டில் தொட்டு நின்ற பிறகுதான் ரேச்செட். 14 மில்லிமீட்டர் மரையுள்ள, வாஷர் வைத்த புதுப் பிளக்குக்கு அங்கிருந்து அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று; வாஷர் நசுங்குவது மிருதுவாகத் தெரியும், நசுங்கி முடிந்ததும் கை கெட்டியாக உணரும், அங்கே நிறுத்த வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை இறுக்கிய பிளக்கைத் திரும்பப் போட்டால் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றே போதும், வாஷர் இல்லாமல் கூம்பு வடிவ இருக்கை (ஹெட்டில் பொருந்தி அமரும் பாகம்) உள்ள பிளக்குக்கு அதையும்விடக் குறைவாகப் பதினாறில் ஒரு பங்கு. டார்க் ரெஞ்ச் வைத்திருந்தால் அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் பிளக்குக்குப் பொதுவான அளவு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. உங்கள் கையேடு வேறு அளவு சொன்னால் கையேடு சொல்வதே சரி. மரையில் கிரீஸோ ஆயிலோ தடவ வேண்டாம், வழவழப்பால் அதே பலத்துக்கு அதிகமாக இறுகிவிடும். குறைவாக இறுக்குவதும் தவறுதான். பிளக் தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துவது இந்த இருக்கையின் வழியே, தொளதொளவென்று இருந்தால் முனை காய்ந்து உருகும்.

வாரண்டி பற்றிய உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம்: 2016இல் வாங்கிய காருக்கு அந்தக் கவலையே இல்லை. வாரண்டி இருக்கும் புதுக் காரை வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்காக ஒன்று சொல்கிறேன். உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிச்சந்தைக்குத் தராமல் கட்டுப்படுத்தியதற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளிப் பணிமனைகளின் பக்கம் நியாயம் உண்டு என்பதை அந்த உத்தரவு காட்டியது. இருந்தாலும் வாரண்டி முடியும்வரை சர்வீஸ் பதிவு தொடர்ச்சியாக இருப்பது உங்களுக்கே நல்லது, ஆகையால் அதுவரை அவர்களிடமே கொடுங்கள்.

கடைசியாக, மழைநாள் உதறல். இது பிளக்கால் மட்டும் வருவது போல எனக்குத் தோன்றவில்லை. காயிலின் அடியில் பிளக்கைக் கவ்வும் ரப்பர் உறையில் விரிசல் இருந்தால், ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் ஹெட்டுக்குத் தாவிவிடும். உறையைச் சற்று வளைத்துப் பாருங்கள், வெள்ளைத் தடமோ கரிக் கோடோ தெரிந்தால் அதுதான் மின்சாரம் தாவிய வழி. பல காயில்களுக்கு உறை மட்டும் தனியாகக் கிடைக்கும். உறையின் உள்விளிம்பில் சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவிப் போட்டால் அடுத்த தடவை சுலபமாகக் கழலும், ஈரமும் ஏறாது.

எல்லாம் மாட்டி, கனெக்டர்கள் க்ளிக்கென்று பூட்டிக்கொண்டதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உதறல் நின்றிருந்தால் சர்வீஸ் புத்தகத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவையுங்கள். நிற்கவில்லை என்றால் சாதாரண ஸ்கேனரில் 'கோடு' எனப்படும் கோளாறுக் குறியீட்டை எடுத்துப் பாருங்கள். பி 0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், 0304 என்றால் நான்காவது. அந்தச் சிலிண்டரின் காயிலை, எழுதி ஒட்டிய எண்ணைப் பார்த்து, வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடும் காயிலோடு இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. ஒரே ஒரு காயில் வாங்கினால் போதும், நான்கையும் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோடு பழைய சிலிண்டரிலேயே நின்றால் அது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டராகவோ, சிலிண்டருக்குள் அழுத்தம் போதாத கம்ப்ரஷன் குறைவாகவோ இருக்கலாம். அதற்குக் கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் பணிமனைக்கு, பழைய பிளக்குகளின் படத்தோடு வண்டியைக் கொண்டு செல்லுங்கள். அதற்குள் செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்துவதற்காகச் சைலன்ஸரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காய்ச்சிக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள்.